பிளாக்செயினில் இருக்கிறதே, அப்புறம் எப்படித் தப்பாகும்?

இந்த வருஷம் இது மூன்றாவது தடவை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு ஆலையில் குளிர்பதன அறையின் வெப்பநிலைப் பதிவுகளில் ஏதோ இடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பதிவுகள் அத்தனை கச்சிதம். ஒவ்வொரு அளவும் நேரத்தோடு கையொப்பமாகி, ஹேஷ் (தரவின் கைரேகை போன்ற எண்) போடப்பட்டு, பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பதிவுச் சங்கிலியில் ஏறியிருக்கிறது, ஒரு பைட் கூட மாறவில்லை. அறைக்குள் சரக்குதான் கெட்டுப்போயிருந்தது. சென்சார்களின் அளவுகளை நெட்வொர்க்குக்கு அனுப்பும் கேட்வே பெட்டிக்குள் யாரோ புகுந்து சென்சாரின் அளவுத் திருத்தத்தை 3 டிகிரி தள்ளி வைத்திருந்தார்கள். புகுவதற்கு எந்த வித்தையும் தேவைப்படவில்லை, பெட்டி வாங்கியபோது இருந்த அதே பாஸ்வேர்டுதான் இன்னும் இருந்தது. பொறுப்பாளர் என்னைப் பார்த்து, "பிளாக்செயின்ல இருக்கே சார், அப்புறம் எப்படித் தப்பாகும்?" என்று கேட்டார்.

ஆகும். பிளாக்செயின் உறுதியளிப்பது, எழுதியதைப் பிற்பாடு சத்தமில்லாமல் மாற்ற முடியாது என்பதை மட்டும்தான். எழுதப்படும் எண் உண்மையா என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அதனிடம் வழியும் கிடையாது. கல்வெட்டில் ஒரு பெயரைத் தப்பாகச் செதுக்கிவிட்டால் கல் இருக்கும்வரை அந்தத் தப்பும் இருக்கும், கல் கெட்டி என்பதற்காகப் பெயர் சரியாகிவிடாது. எண் சுத்தமாக வருகிறதா என்பது சென்சார், வயர், கேட்வே, அதில் ஓடும் ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள், அதைத் தொடும் ஆட்கள் இவர்கள் கையில் இருக்கிறது. இந்த ஒன்றைப் புரியவைக்கத்தான் ஒவ்வொரு இடத்திலும் பாதி நாள் போகிறது.

2010-இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு என்ன செய்தது? ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ்களைச் சேதப்படுத்திக்கொண்டே, முன்பு பதிவு செய்துவைத்த இயல்பான அளவுகளைக் கண்காணிப்புத் திரைக்குத் திருப்பி ஓட்டியது. அங்கே பிளாக்செயின் இருந்திருந்தால் அந்தப் போலி அளவுகளைத்தான் பிளாக் பிளாக்காகப் பத்திரப்படுத்தியிருக்கும். 2016-இல் மிராய் என்ற தீய மென்பொருள் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்ததே, அதன் கையில் இருந்தது சுமார் 60 பயனர்பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள், அவ்வளவுதான். ஆலைகளில் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேச இன்றும் பயன்படும் மோட்பஸ் நெறிமுறை 1979-இல் வந்தது. கட்டளை அனுப்புவது யார் என்று அது கேட்பதே இல்லை, அதே நெட்வொர்க்கில் இருக்கும் யார் சொன்னாலும் வால்வைத் திறக்கும். இந்த வயருக்கு மேலே போய் பிளாக்செயினை உட்கார வைக்கிறோம்.

நான் பிளாக்செயினுக்கு எதிரி இல்லை, நானே பொருத்திக் கொடுத்திருக்கிறேன். தயாரிப்பவர், ஏற்றிச் செல்பவர், வாங்குபவர், ஆய்வு செய்பவர் என்று ஒருவரை ஒருவர் முழுசாக நம்பாத நாலு பேர் ஒரே பதிவைப் பார்க்க வேண்டிய இடத்தில் அது அருமையான கருவி. யார் எப்போது அளவுத் திருத்தம் செய்தார், எந்தச் சாதனத்தில் எந்த ஃபர்ம்வேர் ஏறியது, எந்தச் சாதனம் ஓய்வு பெற்றது என்பதையெல்லாம் அதில் வையுங்கள், பின்னால் யாரும் மழுப்ப முடியாது. 1991-இல் ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டார்னெட்டாவும் ஆவணங்களின் தேதியைத் திருத்த முடியாதபடி ஹேஷ்களைக் கோத்து வைக்க யோசித்ததும் இதே தேவைக்காகத்தான். ஆனால் எல்லா நோடும் (பதிவின் நகலை வைத்திருக்கும் கணினி) ஒரே நிறுவனத்தின் சர்வரில், ஒரே அட்மின் கையில் இருந்தால் அது நம்பிக்கையைக் கூட்டாது. அதற்குக் கையொப்பமிட்ட ஒரு சாதாரணப் பதிவேடு போதும், செலவும் மிச்சம்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிளாக்செயின் பற்றிப் பேசக் கூட்டம் போடுவதற்கு முன்னால், இன்றைக்கே. அடுத்தது தனிச்சாவி, அதாவது சென்சார் தன் அளவுக்குக் கையொப்பமிடும் ரகசிய எண். அந்த ஆலையில் எல்லா சென்சார்களின் சாவிகளும் கேட்வேயில் ஒரே ஃபோல்டரில், சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடந்தன! அதை எடுத்தவர் எந்த சென்சாரின் பெயரிலும் கையெழுத்துப் போடலாம். சாவி சாதனத்துக்குள்ளேயே பாதுகாப்புச் சிப்பில் பிறக்க வேண்டும், அதை விட்டு வெளியே வரக் கூடாது, சாதனத்தைக் கழற்றி எறியும் நாளில் அந்தச் சாவியையும் ரத்து செய்ய வேண்டும். கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேர் ஏறவே கூடாது. ஆலை நெட்வொர்க்கையும் அலுவலக நெட்வொர்க்கையும் பிரியுங்கள், ஆலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்புக்கான ஐஇசி 62443 தரநிலை இதை விலாவாரியாகச் சொல்கிறது. கட்டுப்பாட்டுச் சுற்றுக்குள் பிளாக்செயினைத் தயவுசெய்து நுழைக்காதீர்கள். இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி மில்லி விநாடிகளில் முடிவெடுக்கிறது, பிட்காயினில் ஒரு பிளாக்குக்கு சராசரியாக 10 நிமிஷம், அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் வகைகள் எவ்வளவோ வேகம் என்றாலும் அவசரமாக நிறுத்த வேண்டிய இயந்திரம் அவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்காது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அந்த ஆலையில் தப்பைக் கண்டுபிடித்தது எந்த மென்பொருளும் இல்லை, இரவு ஷிஃப்டில் இருந்த ஒரு ஆபரேட்டர். பிளாக்செயின் வந்த பிறகு கைக்கருவியால் அளந்து நோட்டில் எழுதும் வேலையை நிர்வாகம் நிறுத்திவிட்டது, அவர் மட்டும் பழக்கத்தில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். திரையில் 4 டிகிரி, அவர் நோட்டில் 7. முதல் நாளே சொல்லியிருக்கிறார், யாரும் காதில் வாங்கவில்லை. முக்கியமான ஒவ்வொரு அளவுக்கும் வேறு வழியாக வரும் இரண்டாவது அளவு ஒன்றை வைத்திருங்கள், தனி வயரில் இன்னொரு சென்சாரோ, ஒரு நாளைக்கு இரண்டு முறை கைக்கருவியோடு போகிற ஆளோ. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அந்த ஆள் வந்து சொன்னால், திரையைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பாமல் அறைக் கதவைத் திறந்து பாருங்கள்.