உருவிய டிஸ்க்கில் இருந்த கோப்பு எப்படித் திறக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரெய்டு கார்டு ஒன்றை வாங்கிக் கணினியில் பொருத்தினேன். நான்கு ஹார்ட் டிஸ்குகளைச் சேர்த்து ரெய்டு 5 ஆக அமைத்தேன். சோதித்துப் பார்ப்பதற்காக, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவினேன். கார்டு விடாமல் பீப் அடித்தது. ஆனால் எல்லாக் கோப்புகளும் வழக்கம்போலத் திறந்தன. நகல் எடுத்து வைத்திருக்கிறது என்றால் இடம் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். எனக்கோ நான்கில் மூன்று பங்கு இடம் கிடைத்திருக்கிறது. அப்படியானால், உருவிய டிஸ்க்கில் இருந்தது எங்கிருந்து வருகிறது?"

ரெய்டு என்பது பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க்கைப்போல நடத்தும் முறை; ரெய்டு 5 அதில் ஒரு வகை. அந்த வேலையைப் பார்ப்பது ரெய்டு கார்டு. வாசகரின் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. அந்தத் தரவு வேறு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. நீங்கள் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், மீதி மூன்று டிஸ்குகளைப் படித்து, காணாமல் போன பைட்டுகளை அப்போதைக்கப்போது கார்டு கணக்குப் போட்டு எடுக்கிறது. அதுவும் சிறு பிள்ளைகள் போடும் கணக்கு: ஒற்றையா, இரட்டையா?

மூன்று டிஸ்குகளிலும் ஒரே இடத்தில் இருக்கும் நான்கு பிட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். நான்காவது டிஸ்க்கில் என்ன எழுத வேண்டும் என்பதைக் கார்டு முடிவு செய்யும்.

முதல் டிஸ்க்: 1011
இரண்டாம் டிஸ்க்: 0110
மூன்றாம் டிஸ்க்: 1100
நான்காம் டிஸ்க்: 0001

மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையையும் பாருங்கள். முதல் மூன்று டிஸ்குகளில் உள்ள ஒன்றுகளை எண்ணி, அவை இரட்டைப்படையில் இருந்தால் நான்காவதில் 0, ஒற்றைப்படையில் இருந்தால் 1 என்று எழுதியிருக்கிறது. அதாவது நான்கையும் சேர்த்து எண்ணினால் எந்த வரிசையிலும் ஒன்றுகள் இரட்டைப்படையில்தான் இருக்கும். இந்தச் செயலுக்கு எக்ஸார் என்று பெயர். நான்காவதாக எழுதியது பாரிட்டி.

இப்போது இரண்டாம் டிஸ்க்கை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் மிஞ்சுவது 1, 1, 0. ஏற்கெனவே இரட்டை, எனவே மறைந்திருப்பது 0. அடுத்த வரிசையில் 0, 1, 0. ஒற்றையாக நிற்கிறது, எனவே மறைந்திருப்பது 1. இப்படியே போனால் 0110 அப்படியே திரும்பி வரும். இரண்டாவதற்குப் பதிலாக முதலாவதை மறைத்தாலும் இதே கணக்குதான். பாரிட்டி இருக்கும் டிஸ்க்கையே மறைத்தாலும் இதே கணக்குதான். எது போனது என்று மட்டும் தெரிந்தால் போதும், மற்றவை சேர்ந்து அதைச் சொல்லிவிடும். கார்டுக்கு அது கல்யாணப் படமா, கணக்குப் புத்தகமா என்று தெரியாது, தெரியவும் வேண்டாம்.

எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இதில் வியப்பு தீர்வதில்லை. மூன்று டிஸ்க் அளவு தரவைக் காக்க ஒரே ஒரு டிஸ்க் அளவு இடம்தான் செலவாகிறது. உள்ளடக்கத்தைச் சேமிப்பதற்குப் பதிலாக, உள்ளடக்கங்களுக்கு நடுவே இருக்கும் உறவைச் சேமிக்கிறோம்.

உண்மையில் பாரிட்டி முழுவதும் நான்காம் டிஸ்க்கிலேயே குவிவதில்லை. அப்படிக் குவிந்தால் எதை மாற்றினாலும் அந்த ஒன்றே மாட்டிக்கொண்டு திணறும். அதனால் ரெய்டு 5இல், எல்லா டிஸ்குகளிலும் ஒரே இடத்தில் இருக்கும் துண்டுகள் சேர்ந்த ஒவ்வொரு பட்டையிலும் பாரிட்டியின் இடம் டிஸ்க் மாற்றி டிஸ்க் சுற்றி வரும்.

இந்த யோசனை கணினி உலகில் வேரூன்றியது 1988இல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய கணினிகளில் இருந்த விலையுயர்ந்த ஒற்றை டிஸ்க்குக்குப் பதிலாக, 100 மெகாபைட் கொள்ளும் மலிவான சின்ன டிஸ்குகளை அணிவகுத்து நிறுத்தினால் என்ன என்பது அவர்கள் கேள்வி. வேகம் கிடைக்கும், ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், 100 டிஸ்குகள் சேர்ந்த அணியில் முதல் சாவு சராசரியாக 300 மணி நேரத்தில் வந்துவிடும். இரண்டு வாரம்கூட இல்லை. பாரிட்டி போன்ற ஒரு காப்பு இல்லாமல் இந்த அணிவகுப்பு நடக்காது என்று அந்த ஒரே வகுத்தல் கணக்கு காட்டிவிட்டது.

சரி, கார்டுக்கு வருவோம். பொருத்துவது எளிது. மின்சாரத்தைத் துண்டித்து, கேஸின் உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னேற்றத்தை இறக்கிவிட்டு, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் கார்டை நேராக அழுத்தித் திருகு முடுக்கினால் வேலை முடிந்தது. கார்டுகள் பெரும்பாலும் எட்டு லேன், அதாவது தரவு போகும் எட்டுப் பாதைகள், கேட்பவை. மதர்போர்டில் நீளமாகத் தெரியும் ஸ்லாட்டுக்குள் நான்கு லேன் மட்டுமே இணைந்திருக்கலாம். கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது கேபிளில். ஒரு பக்கம் ஒரே முனையாகவும் மறுபக்கம் நான்கு சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் வகை) முனைகளாகவும் பிரியும் கேபிளில் இரண்டு வகை உண்டு. கார்டிலிருந்து டிஸ்குகளுக்குப் போவது ஒன்று. மதர்போர்டின் நான்கு சாட்டா துளைகளிலிருந்து டிஸ்க் கூண்டின் பின்பலகைக்கு (டிஸ்குகள் செருகி நிற்கும் பலகை) போவது மற்றொன்று. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. திசை மாறிய கேபிளைச் செருகினால் கார்டு ஒரு டிஸ்க்கையும் பார்க்காது. கார்டிலிருந்து டிஸ்குகளுக்குப் போகும் வகையை வாங்கும்போதே ஃபார்வர்டு பிரேக்அவுட் என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று சூடு. இந்தக் கார்டுகள் சர்வர் பெட்டிக்குள் வீசும் பலத்த காற்றை நம்பி வடிவமைக்கப்பட்டவை. சாதாரணக் கேஸில் அவற்றின் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும். பக்கத்தில் ஒரு சிறு விசிறியாவது வேண்டும்.

டிஸ்க் தேர்விலும் ஒரு வார்த்தை. மேசைக் கணினிக்கான டிஸ்க், படிக்க முடியாத ஒரு செக்டரை (டிஸ்க்கின் ஒரு சிறு பகுதியை) கண்டால் நிமிடக் கணக்கில்கூட முயன்றுகொண்டிருக்கும். கார்டுக்கோ சில நொடிதான் பொறுமை. பதில் வராவிட்டால் டிஸ்க் செத்துவிட்டது என்று அணியிலிருந்து நீக்கிவிடும். ரெய்டுக்கென்று விற்கப்படும் டிஸ்குகள் சில நொடிகளில் முயற்சியை நிறுத்தி, "இதைப் படிக்க முடியவில்லை" என்று சொல்லிவிடுகின்றன. அந்த இடத்தைப் பாரிட்டியிலிருந்து கணக்கிட்டு எழுதிக்கொள்ளக் கார்டுக்குத் தெரியும்.

கணினி எழும்போது கார்டு காட்டும் விசையை அழுத்தினால், அல்லது மதர்போர்டின் யூஇஎஃப்ஐ அமைப்பு மெனு வழியாகப் போனால், அமைப்புத் திரை வரும். டிஸ்குகளைத் தேர்ந்தெடுத்து ரெய்டு நிலையைச் சொன்னதும், இனிஷியலைஸ் செய்யவா, அதாவது அணியைத் தொடக்க நிலைக்குத் தயார் செய்யவா என்று கேட்கும். பலர் நேரம் பிடிக்கிறது என்று இதை வெறுக்கிறார்கள். இங்கேதான் அந்த ஒற்றை இரட்டைக் கணக்கு மீண்டும் தலைகாட்டுகிறது.

ஒரு கோப்பில் சின்ன மாற்றம் செய்கிறீர்கள். இரண்டாம் டிஸ்க்கில் இருந்த 0110 இப்போது 0011 ஆகிறது. பாரிட்டியைப் புதுப்பிக்க எல்லா டிஸ்குகளையும் படிக்க வேண்டுமா? வேண்டாம். பழையதற்கும் புதியதற்கும் எந்தப் பிட்டுகள் மாறின என்று பார்த்தால் 0101. பாரிட்டியிலும் அதே பிட்டுகளைத் திருப்பிப் போட்டால் போதும்: 0001 என்பது 0100 ஆகும். எண்ணிப் பாருங்கள், எல்லா வரிசையும் மறுபடி இரட்டை. முதல், மூன்றாம் டிஸ்குகளைத் தொடவே இல்லை. அணியில் எத்தனை டிஸ்க் இருந்தாலும் இரண்டு முறை படித்து இரண்டு முறை எழுதினால் தீர்ந்தது.

ஆனால் இந்தக் குறுக்குவழி ஒன்றை நம்பியிருக்கிறது: பழைய பாரிட்டி சரியாக இருந்தது என்பதை. புது அணியில் ஏதோ பழைய பிட்டுகள் தாறுமாறாகக் கிடந்தால், குறுக்குவழி அந்தத் தவறை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கும். எல்லாவற்றிலும் 0 எழுதிவிட்டால் ஒன்றுகளே இல்லை, எல்லாம் இரட்டை. முழு இனிஷியலைஸ் செய்வது இதைத்தான். வேகமானதைத் தேர்ந்தால் தொடக்கப் பகுதியை மட்டும் துடைத்துவிட்டு, மீதியைக் கார்டு பின்னணியில் ஒழுங்குபடுத்தும். அதுவும் சரிதான், அது முடியும்வரை விட்டுவைத்தால்.

அமைப்புத் திரையில் அடுத்த கேள்வி, எழுதும் முறை ரைட் பேக்கா, ரைட் த்ரூவா என்பது. ரைட் த்ரூ என்றால் தரவு டிஸ்க்கில் போய்ச் சேர்ந்த பிறகே "எழுதிவிட்டேன்" என்று கார்டு சொல்லும். ரைட் பேக் என்றால் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டதுமே சொல்லிவிடும், பிறகு மெதுவாக டிஸ்க்கில் இறக்கும். வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் டிஸ்க்கில் இறங்குவதற்குள் மின்சாரம் போனால் அந்தத் தரவு தொலையும். கார்டோடு ஒரு பேட்டரி இணைந்திருப்பது இதற்காகத்தான். புதிய கார்டுகளில் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கபாசிட்டர் இருக்கும். மின்சாரம் போன அந்தச் சில நொடிகளில் நினைவகத்தில் உள்ளதை ஃபிளாஷ் சில்லுக்கு மாற்றிவிடும்.

பேட்டரி இல்லாமல் மின்சாரம் போனால் என்ன ஆகும்? புதிய 0011 டிஸ்க்கில் ஏறிவிட்டது; பாரிட்டியில் 0100 ஏறுவதற்குள் இருட்டு. பாரிட்டி இன்னும் 0001. கணினி மறுபடி எழும், எல்லாக் கோப்பும் திறக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து முதல் டிஸ்க் சாகிறது. மீதி மூன்றையும் வைத்துக் கார்டு கணக்குப் போடுகிறது: 0011, 1100, 0001. விடை 1110. அங்கே இருந்ததோ 1011. கவனியுங்கள், அன்று யாரும் முதல் டிஸ்க்கில் எதுவும் எழுதவில்லை. கெட்டுப்போனது, கை வைக்காமல் பத்திரமாக இருந்த பழைய கோப்பு. இதற்கு ரைட் ஹோல் என்று பெயர்.

நான் பராமரித்த ஒரு சர்வரில் பேட்டரி செத்த பிறகும் வேகத்துக்காக ரைட் பேக்கை வலுக்கட்டாயமாக இயக்கி வைத்திருந்தார்கள். இரண்டு மின்தடைக்குப் பிறகு கன்சிஸ்டென்சி செக் (தரவும் பாரிட்டியும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் சோதனை) ஓட்டியபோது, பொருந்தாத பட்டைகளின் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்தபடி நின்றேன். தரவு தவறா, பாரிட்டி தவறா என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. பாரிட்டிதான் தவறு என்று வைத்துக்கொண்டு திருத்திவிடும். அன்றிலிருந்து, பேட்டரி கெட்டால் தானாக ரைட் த்ரூவுக்கு மாறும் அமைப்பை நான் மாற்றுவதே இல்லை. டிஸ்குகளின் சொந்த ரைட் கேஷையும், அதாவது எழுத வந்ததைத் தற்காலிகமாகத் தாங்கும் அவற்றின் நினைவகத்தையும், அணைத்துவிடுகிறேன். பேட்டரி காப்பாற்றுவது கார்டின் நினைவகத்தை மட்டுமே.

டிஸ்குகள் பெரிதானதில் இன்னொரு ஆபத்து வந்தது. செத்ததற்குப் பதிலாகப் புது டிஸ்க் வைத்தால், கணக்கிட்ட தரவால் அதை முழுவதும் நிரப்ப வேண்டும்; இதற்கு ரீபில்டு என்று பெயர். 10 டெராபைட் டிஸ்க் ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்பினால்கூட ஏறக்குறைய 14 மணி நேரம். சர்வர் வேறு வேலையும் பார்த்தால் நாட்கணக்கு. அந்த நேரத்தில் இரண்டாவது டிஸ்க் போனால் கதை முடிந்தது. அதற்குத்தான் ரெய்டு 6. இதில் இரண்டு பாரிட்டிகள் உண்டு. இரண்டு டிஸ்குகள் போனால் தெரியாத எண்கள் இரண்டு. பள்ளியில் படித்தபடி, இரண்டு தெரியாதவற்றுக்கு இரண்டு சமன்பாடுகள் வேண்டும். ஒன்று வழக்கமான எக்ஸார். மற்றொன்றில் ஒவ்வொரு டிஸ்க்கின் பைட்டையும் அந்த டிஸ்க்குக்கே உரிய ஓர் எண்ணால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். ஆனால் பெருக்கினால் விடை 255ஐத் தாண்டி பைட்டுக்குள் அடங்காமல் போகுமே? தாண்டாத ஒரு பெருக்கல் இருக்கிறது. 256 எண்களே உள்ள ஒரு மூடிய உலகம். அதற்குள் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், சுழியத்தைத் தவிர எதனாலும் வகுக்கலாம், வெளியே போகவே முடியாது. கூட்டல் என்பதே அங்கே எக்ஸார்தான்.

அந்த உலகத்தைப் பற்றி 1830இல் எழுதியவர் எவரிஸ்ட் கால்வா என்ற பிரெஞ்சு இளைஞர். 1832இல் துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு இறந்தபோது வயது 20. அந்தக் கணிதத்துக்கு அன்று ஒரு பயனும் கிடையாது. 1960இல் இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் அதை வைத்துப் பிழை திருத்தும் முறையை உருவாக்கினார்கள். குறுந்தகடும் கியூஆர் குறியீடும் உங்கள் ரெய்டு 6 கார்டும் அந்த வழியில் வந்தவை. அடிப்படைக் கணிதத்துக்குப் பணம் கேட்டு வருகிறவரிடம், ஐந்து வருடத்தில் இதனால் என்ன லாபம் என்று விண்ணப்பத்தில் எழுதச் சொல்லும் வழக்கம் எனக்குக் கோபத்தையே தருகிறது. கால்வாவால் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்பியிருக்க முடியும்?

வருத்தம் தரும் ஒரு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். ரெய்டு இருந்தால் பேக்கப் வேண்டாம் என்பது. செத்த டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் பெறும் என்பதைவிட இது அதிகக் கோப்புகளைக் கொன்றிருக்கும் என்று நினைக்கிறேன். தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அழித்ததற்கான பாரிட்டியைக் கார்டு நொடியில் சரியாகக் கணக்கிட்டு எழுதிவைக்கும். பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர் குலைத்த தரவையும் அதே நேர்மையோடு காக்கும். வேறொரு இடத்தில் தனிப் பிரதி வேண்டும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: உருவிய அதே டிஸ்க்கைத் திரும்பச் செருகினாலும் அதன் பழைய உள்ளடக்கத்தைக் கார்டு நம்பாது. அது வெளியே இருந்த நேரத்தில் மற்றவற்றில் ஏதேதோ எழுதப்பட்டிருக்கும். முழு ரீபில்டு நடந்தாக வேண்டும். சில கார்டுகளில் தானே தொடங்கும், சிலவற்றில் ஃபாரின் (வேறு அணியின் பழைய அமைப்பு உள்ள டிஸ்க்) என்று காட்டி உங்களைக் கேட்கும். அங்கே பழைய அமைப்பை இறக்குமதி செய்யாமல் நீக்கிவிட்டு, அந்த டிஸ்க்கை ஹாட் ஸ்பேராக, அதாவது தயாராக நிற்கும் மாற்று டிஸ்க்காகக் கொடுங்கள். காத்திருக்கும் நேரத்தில், டிஸ்க் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எழுதி ஒட்டுங்கள். உண்மையாகவே ஒன்று சாகும் நாளில், பதற்றத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிடாமல் இருக்க அது உதவும். ரீபில்டு முடிந்ததும் ஒரு முறை கன்சிஸ்டென்சி செக் ஓட்டுங்கள். பிழை 0 என்று வந்தால், லட்சம் கோடிக்கும் மேற்பட்ட அந்த வரிசைகளில் ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் ஒன்றுகள் இரட்டைப்படையில் நிற்கின்றன என்று பொருள்.