நாக் கட்டறதுன்னா பெரிய ஸ்கிரீன் வாங்கறது இல்ல

நெட்வொர்க்கை ராப்பகலா கண்காணிக்கற நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர், சுருக்கமா நாக், கட்டணும்னு முடிவானதும் மேனேஜ்மென்ட் முதல்ல கொட்டேஷன் கேக்குறது சுவரு முழுக்க வர்ற வீடியோ வாலுக்குத்தான். சுத்திப் பாக்க வர்ற கிளையன்ட்டுக்கு அது நல்லாத்தான் இருக்கும், ஷிஃப்ட்ல உக்காந்திருக்கறவங்க பாக்கறது என்னவோ முன்னாடி இருக்கற அலாரம் லிஸ்ட்டைத்தான்.

அந்த லிஸ்ட்டுக்கு ரெண்டு வழியா தகவல் வரும். மானிட்டரிங் சர்வர் பொதுவா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு ரூட்டர்கிட்டயும் எஸ்என்எம்பில (நெட்வொர்க் கருவிங்களை விசாரிக்கற பொது முறை) எத்தனை பைட் போச்சு வந்துச்சுன்னு கேக்கும், இல்லன்னா லிங்க் விழுந்த உடனே ரூட்டரே ட்ராப்னு ஒரு எச்சரிக்கை மெசேஜ் அனுப்பும். ட்ராப், போய்ச் சேந்துச்சான்னு பாக்காத யூடிபி முறையில போறதால வழியில தொலைஞ்சா தொலைஞ்சதுதான், அதனால ரெண்டுமே வேணும். கேக்குறதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. ரூட்டர்ல பைட்டை எண்ணற பழைய 32 பிட் கவுன்ட்டர், 1 ஜிகாபிட் லிங்க் ஃபுல்லா ஓடுனா சுமார் 34 செகண்ட்லயே நிரம்பி மறுபடி பூஜ்ஜியத்துல இருந்து எண்ண ஆரம்பிச்சிடும், அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து பாத்தா நடுவுல எத்தனை சுத்து போச்சுன்னு யாருக்குத் தெரியும், லிங்க் மூச்சு முட்டிட்டு இருக்கும் கிராஃப் கம்மியா காட்டிட்டு இருக்கும். 64 பிட் கவுன்ட்டரைத்தான் எடுக்கணும்.

அடுத்து, எங்கயோ ஜேசிபி ஃபைபரை வெட்டிடுச்சுன்னு வைங்க, அதுக்குப் பின்னாடி இருக்கற அத்தனை ஸ்விட்சும் டவுன்னு சிவப்பா வரும். எது எதுக்குப் பின்னாடி இருக்குன்னு டூலுக்கு முன்னாடியே சொல்லி வச்சாத்தான் ஒரே அலாரம், அதைச் சரிபண்ணச் சொல்ற ஒரே டிக்கெட். போரான வேலைதான், ஆனா இதை விட்டா நைட் ஷிஃப்ட்காரங்க ரெண்டே வாரத்துல அலாரத்தைக் கண்டுக்கவே மாட்டாங்க.

ஆளுங்க கணக்கு சிம்பிள். வாரத்துக்கு 168 மணி நேரம், ஒருத்தர் 40 மணி நேரம்னா ஒரு சீட்டுக்கே நாலு பேருக்கு மேல, லீவையும் சேத்தா அஞ்சு.

நெட்வொர்க்கே மொத்தமா விழுந்தா நாக் எப்படி உள்ள நுழையும்? கனடாவுல ரோஜர்ஸ் கம்பெனிக்கு 2022 ஜூலை 8 அன்னைக்கு இதான் ஆச்சு. ரூட்ஸை, அதாவது டேட்டா போற வழித் தகவலை, கட்டுப்படுத்துற ஃபில்டரை ஒரு ரூட்டர்ல எடுத்ததும் அது வெள்ளமா கோர்ல, அதாவது நெட்வொர்க்கோட மையப் பகுதியில, கொட்டி கோர் படுத்துடுச்சு, நாடு முழுக்க ரோஜர்ஸ் போன், இன்டர்நெட் அவுட். கோரை சரிபண்ற மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கும் அதே கோர் மேலதான் ஓடுச்சு, லாக்கைப் பாக்கக்கூட வழியில்ல. ஸ்டாஃப் கையில இருந்ததும் ரோஜர்ஸ் போனுங்கறதால கடைசியில போட்டி கம்பெனி சிம் கார்டை ஆள் வச்சு சைட்டுகளுக்கு அனுப்புனாங்க.

அதனால நெட்வொர்க் படுத்தாலும் ரூட்டருக்குள்ள நுழைய வேற கம்பெனி லைன்ல ஒரு கன்சோல் சர்வர், ஷிஃப்ட் போன்ல வேற கம்பெனி சிம், இந்த ரெண்டுக்கும் பட்ஜெட்டை முதல்லயே ஒதுக்கிடுங்க, வீடியோ வால் மிச்சக் காசுல வந்தா வரட்டும்.