நாஹல்: எகிப்தின் நதியா, எகிப்தின் காட்டாறா?

இஸ்ரவேலருக்கு வாக்களிக்கப்பட்ட நாட்டின் தென்மேற்கு எல்லையைத் தமிழ் வேதாகமத்தில் தேடினால் 'எகிப்தின் நதி' என்று வரும். எகிப்து என்றதும் நம் மனம் நைலுக்குப் போய்விடுகிறது. ஆதியாகமம் 15:18-லும் எகிப்தின் நதி, எண்ணாகமம் 34:5-லும் எகிப்தின் நதி. எபிரெயத்திலோ இவை இரண்டு வேறு சொற்கள். முன்னதில் நாஹார், பின்னதில் நாஹல்.

நாஹார் என்பது பேராறு. அதே ஆதியாகம வசனத்தில் ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதிக்கும் இந்தச் சொல்தான் வருகிறது. நைலுக்கென்றே யெஓர் என்று இன்னொரு சொல்லும் உண்டு, எகிப்திய மொழியிலிருந்து வந்தது. குழந்தை மோசேயை நாணலுக்குள் வைத்தது யெஓரின் கரையில்.

நாஹல் அப்படிப்பட்ட ஆறு அல்ல. மழை பெய்தால் புரண்டு ஓடும், மழை நின்றால் மணலும் கல்லுமாகக் கிடக்கும். அரபியில் இதையே வாதி என்பார்கள். எலியா ஒளிந்திருந்த கேரீத் ஒரு நாஹல். தேசத்தில் மழையில்லை, சில நாளில் அது வற்றிவிட்டது. கேராரில் ஈசாக்கின் வேலைக்காரர் கிணறு தோண்டி ஊற்றைக் கண்டதும் ஒரு நாஹலில்தான். அங்கே தமிழில் 'பள்ளத்தாக்கு' என்று நிற்கிறது. தண்ணீர் ஓடுகிற தடம், அது ஓடாதபோது கிடக்கிற பள்ளம், இரண்டுக்கும் எபிரெயருக்கு ஒரே சொல் என்பதால் மொழிபெயர்ப்பாளர்கள் இடத்துக்கு இடம் ஆறு, நதி, பள்ளத்தாக்கு என்று மாற்றியிருக்கிறார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லையைச் சொல்லும் இடத்தில் 'நதி' என்பது வாசகரை வழிதவறச் செய்கிறது.

சரியான தமிழ்ச்சொல்லுக்கு வெளியே போக வேண்டியதில்லை. தன் நண்பர்கள் கைவிட்டதைச் சொல்லி யோபு புலம்பும் இடத்தில் (6:15) மூலத்தில் இருப்பது நாஹல். அங்கே நம் வேதாகமம் 'காட்டாறு' என்றே எழுதியிருக்கிறது. நம்பிப் போனவனுக்குத் தண்ணீர் இல்லாமல் போகும் ஆறு. எத்தனை பொருத்தமான சொல்!

எபிரெயம் படிக்கத் தொடங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணாகமம் 34-ஆம் அதிகாரம் 2-ஆம் வசனத்தில் வரும் நஹலா 'சுதந்தரம்', அதாவது உரிமைப் பங்கு. 5-ஆம் வசனத்தில் வரும் நஹ்லா 'காட்டாற்றை நோக்கி'. மெய்யெழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. உயிர்க்குறிகள்தாம் பிரித்துக் காட்டுகின்றன.

இந்தக் காட்டாறு எது? ஏசாயா 27:12-இல் வரும் 'எகிப்தின் நாஹல்' என்பதைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ரினோகொரூரா என்று ஊர்ப்பெயராகவே தந்தது. சீனாயின் வடகரையில் இன்று எல் அரீஷ் இருக்கும் இடம் அது. சீனாயின் நடுவிலிருந்து மழைநீரைத் திரட்டிவந்து அங்கே மத்தியதரைக் கடலில் சேர்கிறது வாதி எல் அரீஷ். காசாவுக்குத் தெற்கே உள்ள பேசோர் ஓடைதான் என்று வாதிடுவோரும் உண்டு. பெரும்பாலோர் ஏற்பது எல் அரீஷை. எதுவானாலும் நைல் இல்லை. நைலின் கழிமுகத்துக்கும் இந்த எல்லைக்கும் நடுவே வடசீனாயின் மணல்வெளி பரந்து கிடக்கிறது. எண்ணாகமத்தின் கோடு அதை வெளியே விட்டுவிடுகிறது.

ஆதியாகமத்தின் நாஹார் நைலைக் குறிக்கிறதா, அதுவும் இதே காட்டாறுதானா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. அந்த விவாதம் தமிழ் வாசகருக்கும் தெரிய வேண்டுமானால், அங்கே 'நதி' என்றும் இங்கே 'காட்டாறு' என்றும் பிரித்து எழுதியாக வேண்டும். ஆலயப் பிரதிஷ்டையின்போது சாலொமோனோடு பண்டிகை கொண்டாடக் கூடியவர்களை, வடக்கே ஆமாத்தின் எல்லை தொடங்கி தெற்கே எகிப்தின் காட்டாறு மட்டும் இருந்து வந்தவர்கள் என்று வாசித்துப் பாருங்கள் (1 இராஜாக்கள் 8:65).