வெள்ளி நாணயத்தை உரசாமல் சோதிப்பது

காரைக்குடி பழம்பொருள் கடையில் கால்பந்து உலகக் கோப்பை நாணயம் ஒன்று கிடைத்தால், வெள்ளிதானா என்று பார்க்க உரைகல்லில் இழுத்துவிடாதீர்கள். வெள்ளி விலைக்கு மேல் சேகரிப்பவர் தருவதெல்லாம் கோடு விழாத முகத்துக்குத்தான். ஒரு தராசும் கொஞ்சம் தண்ணீரும் போதும்.

2006 போட்டிக்காக ஜெர்மனி 2003 முதல் வெளியிட்ட 10 யூரோ நாணயத்தை எடுத்துக்கொள்வோம். எடை 18 கிராம், விட்டம் 32.5 மி.மீ., ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி செம்பு. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்கத் தொங்கவிடுங்கள். அது விலக்கும் நீரின் எடைதான் தராசில் தெரியும்: சுமார் 1.74 கிராம். 18-ஐ இதால் வகுத்தால் அடர்த்தி 10.3-க்குச் சற்று மேல் வரும். வெள்ளி முலாம் பூசிய செம்பு என்றால் 2 கிராம் காட்டும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் நல்ல நாணயமும் போலியாகத் தெரியும். ஆட்டிவிட்டு மறுபடி பாருங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் திட்டு விழும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது.

ஈயமும் தகரமும் அளவாகக் கலந்தால் இந்தச் சோதனையை ஏமாற்றலாம். அதற்குக் காந்தம் இருக்கிறது. நாணயத்தைச் சாய்த்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டு, சிறிய நியோடிமியம் காந்தத்தை வழுக்கவிடுங்கள். வெள்ளி மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவதால், நகரும் காந்தம் அதில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். அது காந்தத்தின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும், மெதுவாகத்தான் இறங்கும். ஈயக் கலவையில் சரசரவென்று இறங்கிவிடும். செம்பும் காந்தத்தைத் தடுக்கும் என்பதால் இரண்டு சோதனையும் வேண்டும்.

கருத்துப்போனதற்காக, சீர் வெள்ளிக் குத்துவிளக்கைப் போல விபூதி போட்டுத் தேய்த்தால் கதை முடிந்தது. புரூஃப் நாணயத்தின், அதாவது சேகரிப்பவர்களுக்காகப் பளபளப்பாக அச்சிட்ட நாணயத்தின், கண்ணாடிப் பரப்பில் அந்தத் துகள்கள் மயிரிழைக் கோடுகளைப் போட்டுவிடும். திரும்பச் சரிசெய்ய வழியில்லை. கருப்பு என்பது வெறும் வெள்ளி சல்பைடு. காற்றிலுள்ள கந்தகத்தால் வருவது, முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, நீலம் என்று படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். சீரான நிறத்துக்குக் கூடுதல் விலை தருபவர்களும் உண்டு! பெட்டகத்தில் ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் அதிலிருக்கும் கந்தகம் வேலையைத் துரிதமாக்கும்.

பச்சைப் பிசுபிசுப்பு வேறு விஷயம். அது பி.வி.சி. பிளாஸ்டிக் உறையின் வேலை, விட்டால் உலோகத்தை அரிக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் சில நிமிடம் ஊறவிட்டு எடுங்கள். துடைக்காமல் தானாகக் காயட்டும். நகப்பூச்சு நீக்கி உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.