நிறமாலையும் இல்ல, சாயங்கால மாலையும் இல்ல

போன வாரம் அம்மாவுக்கு நெஞ்சுச்சளின்னு கிளினிக்ல டாக்சிசைக்ளின் கொடுத்தாங்க, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. ரெண்டு நாள் கழிச்சு அட்டைய எண்ணிப் பாத்தா மாத்திரை மிச்சம் இருக்கு. கேட்டா "மாலை மருந்துன்னுதானேப்பா போட்டிருக்கு"ன்னு கூட வந்த தமிழ்த்தாள நீட்டுறாங்க. அதுல "பரந்த நிறமாலை நுண்ணுயிர் எதிர்ப்பி"ன்னு இருக்கு!

சிங்கப்பூர்ல நாலு மொழியில அச்சடிக்கிறாங்க, சந்தோஷம்தான், ஆனா இந்த நிறமாலைய எத்தன தாள்ல பாக்குறது.

பிராட் ஸ்பெக்ட்ரம்ங்கறதுதான் மூலம். ஸ்பெக்ட்ரம் லத்தீன் சொல், தோற்றம்னு அர்த்தம். முப்பட்டகத்துல ஒளி பிரிஞ்சு வந்த நிறங்களுக்கு நியூட்டன் அந்தப் பேர வச்சார், அங்க நிறமாலை சரி. பிற்பாடு அந்தச் சொல் ஒரு முனையிலேருந்து மறுமுனை வரைக்கும்ங்கற அர்த்தத்துக்கு விரிஞ்சிடுச்சு, மருந்துல வர்றது அதுதான். பாக்டீரியாவ கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ்னு ரெண்டு பெரிய வகையா பிரிப்பாங்க, பழைய பெனிசிலின் பெரும்பாலும் பாசிட்டிவ் வகைக்குத்தான் கேக்கும். டாக்சிசைக்ளின் கிராம் நெகட்டிவ்லயும் பலதுக்குக் கேக்கும், செல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கற ரிக்கெட்சியா, கிளமிடியா மாதிரி பாக்டீரியாவுக்கும் கேக்கும். அதனாலதான் நிமோனியா, முகப்பரு, ஸ்க்ரப் டைஃபஸ், மலேரியா வராம தடுக்கன்னு இத்தன இடத்துல ஒரே மாத்திரை. இதுல நிறம் எங்கேருந்து வந்துச்சு? (நிறம் வேணும்னா அந்த ரெண்டு வகையப் பிரிச்சுப் பாக்குற கிராம் சாயத்துல இருக்கு, ஊதா, இளஞ்சிவப்பு. அது லேப்ல கண்ணாடித் துண்டு மேல.)

தமிழ் சொல்லிக்கொடுக்குற நண்பர் ஒருத்தர், கலைச்சொல் ஏற்கெனவே இருக்கறப்ப எதுக்கு மாத்தணும்ங்கறார். சார், கரண்ட்டுக்கு மின்சாரம்னு சொல் இருக்குன்னு ஆத்துல ஓடுறதையும் மின்சாரம்னா எழுதுறோம்? அகராதியத் திறந்தா முதல்ல கிடக்குற சொல்ல அள்ளிப் போட்டுட்டுப் போறதுக்கு எதுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்.

நான் அகல்வீச்சுன்னு சொல்வேன். வலை வீசுறவங்களுக்குப் புரியும், எவ்வளவு தூரம் எட்டுதோ அதான் வீச்சு. பௌதிகத்துல வீச்சுக்கு வேற அர்த்தம் இருக்கு, மறுக்கல, ஆனா மருந்துத்தாள வச்சுக்கிட்டு யாரும் அலைய அளக்கப்போறதில்ல. எதிர்ப்பிக்குப் பதிலா நுண்ணுயிர்க்கொல்லின்னு சொல்ற ஒரு கோஷ்டி வேற. டாக்சிசைக்ளின் பெரும்பாலும் கொல்றதே இல்ல, பாக்டீரியாவுக்குள்ள புரதம் செய்யற ரைபோசோம்ல ஒட்டிக்கிட்டு அத வேலை செய்ய விடாம பண்ணும், பாக்டீரியா பெருகாம நின்னுடும், மிச்சத்த உடம்பு பாத்துக்கும். எதிர்ப்பியே போதும்.

அம்மா மாதிரி ஆளுங்களுக்கு அதுகூட வேண்டாம், பலவகை பாக்டீரியாவுக்கும் கேக்குற மருந்துன்னு எழுதிட்டுப் போலாமே. மாத்திரையப் போட்டதும் படுத்தா தொண்டைக்குக் கீழ உணவுக்குழாய்ல புண்ணாகும், நிறைய தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கணும். அந்தத் தாள்ல அது எப்படி இருக்கு தெரியுமா, "கிடைநிலை தவிர்க்கப்படல் வேண்டும்".

கிளினிக்குக்குப் போன் பண்ணி விட்டுப்போன மாத்திரைக்கு என்ன பண்றதுன்னு கேட்டுட்டு, டப்பா மேல மார்க்கர்ல காலை, ராத்திரின்னு பெருசா எழுதி வச்சேன். அம்மா பாத்துட்டு, "அப்ப சாயங்காலம் வேணாமா?"