இல்லாத இடத்தில் ஒரு தீவு

கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் உள்ள கடலில் இரண்டு பாறைத் தீவுகளும் அவற்றைச் சுற்றிச் சில குட்டிப் பாறைகளும் இருக்கின்றன. மொத்தப் பரப்பு 0.19 சதுர கிலோமீட்டர்கூட வராது. கொரியர்கள் டோக்டோ என்கிறார்கள், ஜப்பானியர்கள் தகேஷிமா என்கிறார்கள். தென்கொரியக் காவலர்கள் அங்கே நிற்கிறார்கள். அது சட்டவிரோத ஆக்கிரமிப்பு என்பது ஜப்பானின் வாதம். இந்தச் சண்டையில் அடிக்கடி சாட்சிக்கு இழுக்கப்படுவது 'பால்டோ சோங்டோ' என்ற பழைய வரைபடம். 1530இல் கொரியாவை ஆண்ட ஜோசன் அரசு தொகுத்து முடித்த புவியியல் நூலில் இருக்கும் மரக்கட்டை அச்சுப் படம் அது.

அதில் கிழக்குக் கடலில் உசான்டோ, உல்லுங்டோ என்று இரண்டு தீவுகள். உசான்டோதான் டோக்டோ என்கிறது கொரியா. ஆனால் நிஜத்தில் டோக்டோ, உல்லுங்டோவுக்குத் தென்கிழக்கே 87.4 கி.மீ. தள்ளி இருக்கிறது. படத்திலோ உசான்டோ மேற்கே, கரைக்கும் உல்லுங்டோவுக்கும் இடையில், கிட்டத்தட்ட அதே பருமனில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் தீவே கிடையாது. ஜப்பான் பிடித்துக்கொள்வது இதைத்தான்.

இந்தப் பிழை எப்படி வந்தது? அந்தப் படத்தை அளந்து வரையவில்லை. அரசு பூசை செய்த மலைகளும் ஆறுகளும் கடல்களும் எங்கெங்கே என்று காட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் மண்டபத்துக்கு வழி போட்டிருப்பார்களே, அந்த ரகம். தீபகற்பமே அதில் வடக்கு தெற்காகக் குறுகிக் குண்டாகத்தான் இருக்கிறது. மேலும், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசு உல்லுங்டோவில் இருந்தவர்களைக் கரைக்கு அழைத்துக்கொண்டது. தீவு காலி. போய்ப் பார்த்து வரைய ஆள் இல்லாத நிலையில், ஏட்டில் இருந்த வரிகளே படமாகின. அந்த வரிகளும் தெளிவாக இல்லை. காற்று வாய்த்தால் இரண்டு நாளில் போய்ச் சேரலாம் என்று சொல்லும் அதே நூல், உசானும் உல்லுங்கும் ஒரே தீவுதான் என்றும் ஒரு கருத்து உண்டு என்று சேர்த்துவிடுகிறது!

அதற்கு முந்தைய 1454ஆம் ஆண்டுப் பதிவு இன்னும் சுவாரசியமானது. இரண்டு தீவுகளும் அதிகத் தொலைவில் இல்லை, வானம் தெளிவாக இருந்தால் தெரியும் என்கிறது. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பூமி வளைந்திருப்பதால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் என்று அறிய, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்க வேண்டும். டோக்டோவின் உயரமான பாறை 168.5 மீட்டர். அதன் உச்சிக்கு 46 கி.மீ. கிடைக்கிறது. மீதி 41 கி.மீட்டருக்கு உல்லுங்டோவில் சுமார் 130 மீட்டர் மேலே ஏறி நின்றால் போதும். காற்று ஒளியை வளைப்பதால் இன்னும் குறைவான உயரமே போதும். உல்லுங்டோவின் சிகரமோ 980 மீட்டருக்கு மேல். ஜப்பான் பக்கம் அருகில் உள்ள ஓகி தீவுகள் 157 கி.மீ. தள்ளி. அங்கே 608 மீட்டர் மலையில் ஏறினாலும் எட்டாது. ஆனால் தெரிகிறது என்பதால் மட்டும் தீவு சொந்தமாகிவிடாது.

18ஆம் நூற்றாண்டில் ஜொங் சாங்-கி என்ற கொரிய வரைபடக்காரர் படத்தில் அளவுகோலைப் புகுத்தினார். சமவெளியில் நூறு ரி (ரி என்பது பழைய தூர அளவு) தூரத்துக்கு ஒரு அளவு. மலைப்பாதை வளைந்து செல்வதால் அங்கே 120, 130 ரி தூரத்துக்கு அதே அளவு. நல்ல புத்தி. இவர் வழியில் வந்த படங்களில் உசான் உல்லுங்டோவுக்குக் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. கொரியாவுக்குச் சாதகம்தானே? முழுக்க இல்லை. 1711இல் தீவை ஆய்வு செய்யப் போன அதிகாரி பாக் சொக்-சாங்கின் படத்தில், கிழக்கே ஒட்டினாற்போல ஒரு சிறு தீவு, 'உசான்டோ எனப்படுவது' என்ற குறிப்பு, பக்கத்திலேயே மூங்கில் காடு என்றும் எழுதியிருக்கிறது. டோக்டோ வெறும் பாறை, மூங்கில் ஏது? உல்லுங்டோவிலிருந்து இரண்டு கி.மீ. தள்ளியுள்ள ஜுக்டோவுக்குத்தான் அந்த வர்ணனை பொருந்துகிறது.

ஜப்பானுக்கும் ஒரு தலைவலிப் படம் உண்டு. 1877இல் அந்நாட்டின் உச்ச நிர்வாக மன்றம், 'தகேஷிமாவும் வேறொரு தீவும்' நமக்குச் சம்பந்தமில்லை என்று உத்தரவிட்டது. அப்போது உல்லுங்டோவுக்குத்தான் தகேஷிமா என்று பெயர். கோப்போடு இருந்த வரைபடத்தில் அந்த 'வேறொரு தீவு' ஓகியிலிருந்து 80 ரி, உல்லுங்டோவிலிருந்து 40 ரி. டோக்டோ இருக்கும் இடத்தோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது.

நீதிமன்றங்கள் வரைபடத்தை எப்படிப் பார்க்கின்றன? 1928இல் பால்மாஸ் தீவு வழக்கில் நடுவர் மாக்ஸ் ஹூபர், அது மிக மறைமுகமான அறிகுறி மட்டுமே என்றார். ஆனால் 1962இல் பிரியா விகார் கோயில் கம்போடியாவுக்குப் போனதே ஒரு வரைபடத்தால்தான். பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த அந்தப் படத்தைத் தாய்லாந்து பல பத்தாண்டுகள் மறுக்காமல் ஏற்றிருந்தது. கோடு சரியா என்பதைவிட, அதை யார் ஒப்புக்கொண்டார் என்பது பெரிதாகிவிட்டது.

1954, 1962, 2012 என மூன்று முறை சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று ஜப்பான் அழைத்தது. தகராறே இல்லை, வழக்கு எதற்கு என்று சியோல் மறுத்தது. ஒருநாள் போனாலும், நீதிபதிகள் பால்டோ சோங்டோவில் அதிக நேரம் செலவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. 1877 உத்தரவு, உல்லுங்டோவைத் தனி மாவட்டமாக்கிய கொரியாவின் 1900 அரசாணை, 1905இல் ஷிமானே மாகாணத்தோடு தீவைச் சேர்த்த ஜப்பானிய அறிவிப்பு ஆகிய மூன்றையும்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.