முயல் காய்ச்சல்: பரிசோதனைக்கு முன்னால் ஒரு கேள்வி

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரையை ஒட்டி மார்த்தாஸ் வின்யார்டு என்றொரு தீவு இருக்கிறது. 2000ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே 15 பேருக்குத் துலரீமியா என்னும் முயல் காய்ச்சல் வந்தது. அவர்களில் 11 பேருக்குத் தாக்கியது நுரையீரலை. ஒருவர் இறந்துபோனார். நோயுற்றவர்களையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது ஒரு வேறுபாடு துலக்கமாகத் தெரிந்தது. நோயுற்றவர்களில் பலர் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் இயந்திரத்தால் புல் வெட்டியிருந்தார்கள், அல்லது புதர் களைந்திருந்தார்கள். விலங்குகளிடமிருந்து மண்ணிலும் புல்லிலும் படிந்திருந்த கிருமி, இயந்திரம் கிளப்பிய தூசியோடு மூச்சில் கலந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் அந்தப் புல்வெளியில் அடங்கியிருக்கிறது. காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி என்று வருபவரிடம் "போன இரண்டு வாரமாக என்ன வேலை பார்த்தீர்கள்? எங்கே போனீர்கள்? எதையாவது தொட்டீர்களா?" என்று மருத்துவர் கேட்காவிட்டால் துலரீமியா பெரும்பாலும் பிடிபடாது. எக்ஸ்ரேயைப் பார்த்தால் மற்ற நிமோனியாக்களைப் போலத்தான் இருக்கும். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இதற்கென்று தனி அடையாளம் எதுவும் கிடையாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைகூடப் பல வேளைகளில் ஒன்றும் காட்டாது. மருத்துவர்கள் பழக்கத்தில் எழுதித் தரும் ஆன்டிபயாடிக் மருந்துகள் பலவும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்வதில்லை. ஆகவே கேள்வி கேட்பதுதான் இங்கே முதல் பரிசோதனை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கிருமியின் பெயர் பிரான்சிசெல்லா துலரென்சிஸ். 1911இல் கலிபோர்னியாவில் தரை அணில்களிடையே பிளேக் நோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜார்ஜ் மெக்காய், பிளேக்கைப் போலவே தோன்றிய, ஆனால் பிளேக் அல்லாத ஒரு நோயைக் கண்டார். மறு ஆண்டு அவரும் சார்லஸ் சேப்பினும் அதற்குக் காரணமான பாக்டீரியத்தை முட்டை மஞ்சள் கருவில் வளர்த்தெடுத்தார்கள். அந்த அணில்கள் கிடைத்த துலாரே மாவட்டமே கிருமிக்குப் பெயராயிற்று. யூட்டா மாநிலத்தில் மான் ஈக் கடியால் வந்துகொண்டிருந்த காய்ச்சலும் இதே நோய்தான் என்று பின்னர் நிறுவியவர் எட்வர்ட் பிரான்சிஸ். ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில் அவருக்கே நோய் தொற்றியது. ஜப்பானில் 1925இல் ஓஹாரா ஹச்சிரோ, இறந்த முயலிலிருந்துதான் நோய் வருகிறதா என்று உறுதிசெய்ய முயன்றபோது, அவருடைய மனைவியே முன்வந்து முயலின் ரத்தத்தைத் தன் புறங்கையில் தடவிக்கொண்டார். அவருக்கும் நோய் வந்தது. ஒரு நோயைப் புரிந்துகொள்ள மனிதர்கள் இவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்.

வட அரைக்கோளத்தின் பல பகுதிகளில் இந்தக் கிருமி உண்டு. இதன் வகைகளில் இரண்டு முக்கியமானவை. ஏ வகை வட அமெரிக்காவுக்கு உரியது, கடுமையானது. பி வகை ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் பரவியிருக்கிறது, பொதுவாக அவ்வளவு கடுமையில்லை. அமெரிக்காவில் 2011 முதல் 2022 வரை 2,462 பேருக்கு நோய் பதிவாகியிருக்கிறது. அவர்களில் பாதிப்பேர் ஆர்கன்சா, கான்சஸ், மிசூரி, ஓக்லஹோமா ஆகிய நான்கே மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

கிருமி எந்த வழியாக நுழைகிறதோ, அந்த வழியே நோயின் முகத்தைத் தீர்மானிக்கிறது. உண்ணியோ ஈயோ கடித்தால், அல்லது முயலைத் தோலுரிக்கும்போது கையில் இருந்த கீறல் வழியாகப் புகுந்தால், அந்த இடத்தில் ஒரு புண் வரும். பக்கத்தில் அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும். அதிகம் காணப்படுவது இந்த வடிவம்தான். கிருமி பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கண் சிவந்து, காதருகே நெறி கட்டும். மாசுபட்ட தண்ணீரைக் குடித்தால் தொண்டைப் புண்ணும் கழுத்துக் கட்டியும் வரும். போருக்குப் பிந்தைய கொசோவோவில் 1999-2000இல் நூற்றுக்கணக்கானோருக்கு இப்படித்தான் வந்தது. எலிகள் பெருகி உணவையும் தண்ணீரையும் கெடுத்திருந்தன. மூச்சில் போனால் நிமோனியா. புண்ணும் இல்லாமல் நெறியும் இல்லாமல் வெறும் காய்ச்சலாக மட்டும் வரும் வடிவம்தான் மருத்துவரை அதிகம் திணறடிப்பது. தொற்றிய மூன்று முதல் ஐந்து நாட்களில் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிவிடும். இரண்டு வாரம் வரை தள்ளிப்போவதும் உண்டு. மருத்துவரின் கேள்வி இரண்டு வாரம் பின்னோக்கிப் போவது அதனால்தான்.

இந்தக் கிருமி உடலுக்குள் செய்வது வியக்க வைக்கிறது. பத்து முதல் ஐம்பது கிருமிகள் மூச்சில் போனாலே நோய் வரப் போதும். உள்ளே வந்த பாக்டீரியாவை விழுங்கிச் செரிப்பது மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுவின் வேலை. பல பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள ஒரு கொழுப்புப் பொருளை நம் உடல் உடனே அடையாளம் கண்டு எச்சரிக்கை எழுப்பும். பிரான்சிசெல்லாவின் மேலுறைக் கொழுப்பு அமைப்பில் மாறுபட்டது. அதனால் அந்த எச்சரிக்கை மிக மெலிதாகவே எழுகிறது. வெள்ளணு அதை விழுங்குகிறது. விழுங்கிய பையைக் கிழித்துக்கொண்டு கிருமி செல்லின் உள்திரவத்துக்கு வந்து அங்கேயே பெருகுகிறது. செல் வெடித்துச் சாகும்போது வெளிவரும் கிருமிகள் அடுத்த வெள்ளணுக்களுக்குள் புகுகின்றன. நிணநீர் வழியாக அருகிலுள்ள நிணநீர்க் கணுவை அடைகின்றன. நெறி கட்டுவது அந்தக் கட்டத்தில்தான்.

வழக்கமான ஆன்டிபயாடிக்குகளான அமாக்சிசிலினும் செஃப்ட்ரையாக்சோனும் இங்கே ஏன் தோற்கின்றன என்பதும் இதிலிருந்து பாதி விளங்கும். அவ்வகை மருந்துகள் செல்லுக்குள் போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. போதாக்குறைக்கு, அந்த மருந்துகளைச் சிதைக்கும் நொதி ஒன்றையும் இந்தக் கிருமி சுரக்கிறது. நிமோனியாவுக்கென்று செஃப்ட்ரையாக்சோனும் அசித்ரோமைசினும் கொடுத்து, நாட்கள் கடந்தும் காய்ச்சல் இறங்காமல் இருப்பது பல துலரீமியா நோயாளிகளின் கதை. அந்த இடத்தில் மருந்தின் அளவைக் கூட்டுவதைவிட, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து மீண்டும் ஒருமுறை பேசுவது மேல்.

ஆய்வகத்துக்கு வருவோம். புண்ணிலிருந்தோ, கட்டியிலிருந்து ஊசியால் இழுத்த நீரிலிருந்தோ, சளியிலிருந்தோ, ரத்தத்திலிருந்தோ மாதிரி எடுக்கலாம். ஆனால் கிருமிக்கு வளர சிஸ்டைன் என்னும் அமினோ அமிலம் வேண்டும். கிருமி வளர்க்கும் கூழான அகாரில், வழக்கமாகப் பயன்படும் செம்மறி ரத்த வகையில் அது சரியாக வளராது. சூடாக்கிய ரத்தம் சேர்த்த சாக்லேட் அகாரிலோ, சிஸ்டைன் சேர்த்த ஊடகத்திலோ வளரும், அதுவும் மெதுவாக. இரண்டு நாளில் ஒன்றும் இல்லை என்று வளர்ப்புத் தட்டைத் தூக்கிப் போட்டால் கிருமி தப்பிவிடும். பாக்டீரியாவை நுண்ணோக்கியில் பார்க்க உதவும் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தாலும் மிக நுண்ணிய, வெளிறிய புள்ளிகளாகத்தான் தெரியும். தானியங்கிக் கருவிகள் இதை வேறு பாக்டீரியா என்று தவறாகப் பெயரிடுவதும் உண்டு.

இதைவிடப் பெரிய கவலை, தட்டைக் கையாளும் ஆய்வக ஊழியரைப் பற்றியது. திறந்த மேசையில் வளர்ந்த கிருமியைக் கிளறினால் அவர் மூச்சில் போக வாய்ப்புண்டு. எனவே துலரீமியாவாக இருக்கலாம் என்று சந்தேகிக்கும் மருத்துவர், மாதிரியை அனுப்பும்போதே ஆய்வகத்துக்கு அதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் சரியான ஊடகத்தில் வளர்ப்பார்கள், தட்டை அதிக நாள் வைத்திருப்பார்கள், பாதுகாப்புப் பெட்டிக்குள் வேலை செய்வார்கள். அந்த ஒரு வரிக் குறிப்பு நோயாளியையும் காக்கும், ஊழியரையும் காக்கும். குறிப்பு இல்லாமல் போய், ஊழியர்களின் மூச்சில் கிருமி போயிருக்கலாம் என்று பின்னால் தெரிந்தால், டாக்சிசைக்ளினையோ சிப்ரோஃப்ளாக்சசினையோ அவர்களுக்கு 14 நாள் தடுப்பு மருந்தாகத் தர வேண்டியிருக்கும்.

பி.சி.ஆர். சோதனை கிருமியின் மரபணுவை மணிக்கணக்கில் காட்டிவிடும். புண் மாதிரியில் அது நன்றாக வேலை செய்கிறது. எல்லா மருத்துவமனைகளிலும் அது இல்லை. நடைமுறையில் பெரும்பாலான நோயாளிகளுக்கு உறுதி கிடைப்பது, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையில்தான். நோயாளியின் ரத்தச் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, படிப்படியாக நீர்க்கச் செய்து, கொன்ற கிருமிகளோடு கலப்பார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் கிருமிகள் ஒட்டித் திரளும். 128 மடங்கு நீர்த்த பின்னும் திரண்டால் சந்தேகம் வலுக்கும். ஆனால் முன்பு எப்போதோ வந்துபோன நோயின் எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் தங்கியிருக்கும். புருசெல்லா என்னும் வேறொரு பாக்டீரியாவின் தொற்று இருந்தாலும் இந்தச் சோதனை ஏமாற்றலாம். அதனால் குறைந்தது இரண்டு வாரம் விட்டு இன்னொரு மாதிரி எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால்தான் உறுதி என்பார்கள். நோயின் முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் பொதுவாகத் தென்படவே செய்யாது.

அப்படியானால் முடிவு கைக்கு வரும்போது மூன்று, நான்கு வாரம் ஓடியிருக்கும். அதுவரை மருந்து தராமல் காத்திருந்தால், நுரையீரலைத் தாக்கிய ஏ வகை உயிரையே பறிக்கலாம். ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்தைய காலத்தில் அவ்வடிவத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். இன்று அமெரிக்காவில் எல்லா வடிவங்களையும் சேர்த்து இறப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. சந்தேகம் வலுவாக இருந்தால் மாதிரிகளை எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவதே சரியான வழி.

முதன்முதலில் கைகொடுத்த மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். காசநோய்க்குப் புகழ்பெற்ற அதே மருந்துதான். 1940களில் அது கிடைக்கத் தொடங்கியதும், முன்பு குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் சீரம் போன்றவற்றை நம்பியிருந்த துலரீமியா சிகிச்சையின் போக்கே மாறியது. இன்று கடுமையான நோய்க்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின் அதிகம் பயன்படுகிறது. கிருமி புரதம் தயாரிக்கும் இடத்திலேயே தலையிட்டு அதைக் கொல்லும் மருந்து இது. செல்லுக்குள் எளிதில் நுழையாத மருந்துதான், ஆனாலும் நோயாளிகளிடம் நன்றாக வேலை செய்கிறது என்பது பல பத்தாண்டு அனுபவம். காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது என்பதால் ரத்தப் பரிசோதனையோடு கவனித்துத் தருவார்கள். மிதமான நோய்க்குச் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை 10 முதல் 14 நாள். டாக்சிசைக்ளின் என்றால் 14 முதல் 21 நாள். டாக்சிசைக்ளின் கிருமியின் பெருக்கத்தைத் தடுக்குமே தவிர நேரடியாகக் கொல்லாது. மிச்சத்தை உடலின் எதிர்ப்பாற்றல் முடிக்க வேண்டும். சீக்கிரம் நிறுத்திவிட்டால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு இருக்கிறது.

சரியான மருந்து உள்ளே போனால் காய்ச்சல் பெரும்பாலும் சில நாட்களில் இறங்கிவிடும். நெறி மட்டும் அவ்வளவு சீக்கிரம் வற்றாது. சிகிச்சை தாமதமானவர்களுக்கு அது பழுத்துச் சீழ் வைக்கும். அப்போது கீறியோ ஊசியால் இழுத்தோ சீழை அகற்ற வேண்டிவரும். அந்தச் சீழில் கிருமி உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். மருந்து தோற்றுவிட்டது என்று பயந்து, புதிதாக ஒன்றை மாற்றித் தர அவசரப்பட வேண்டியதில்லை. இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதில்லை என்பதால் நோயாளியைத் தனிமைப்படுத்தவும் தேவையில்லை. வீட்டார் தாராளமாகப் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்ளலாம்.